எஸ்டிமேட் காக்கா

மருதமுனையிலிருந்து அக்கரைப்பற்று வரை எந்தத் தெருவுக்குப் போனாலும் ஓர் எஸ்டிமேட் காக்கா இருப்பார். அவர் மேசனில்லை, ஓடாவியில்லை, எஞ்சினியருமில்லை. ஆனால் மதில் கட்டி, புதுக் கேட் பூட்டிய வீட்டைக் கண்டால் அவரால் சும்மா தாண்டிப் போக முடியாது.

அஸர் தொழுதுவிட்டு வரும் வழியில், கட்டாரிலிருந்து லீவில் வந்த பொடியனின் கேட்டைத் தள்ளுவார். "என்ன மனே, முத்தத்துக்கு இன்டர்லொக் பதிக்கப் போறயாமே? என்னட்டக் கேட்டிருக்கலாமே!"

டேப் வேண்டாம் என்பார். சாரனை ஒரு கையால் தூக்கிப் பிடித்து எட்டி நடப்பார். அவருடைய ஓர் எட்டு மூன்று அடி. விருந்துச் சாப்பாடு சாப்பிட்ட நாளில் இரண்டரை. கிணற்றடிக்கு வந்ததும் நின்று வானத்தைப் பார்ப்பார். விலைப்பட்டியல் அங்கேதான் இருக்கிறது.

"முப்பதுக்கு இருபது, அறுநூறு சதுர அடி. எட்டுக்கு நாலு அங்குலக் கல்லெண்டா அடிக்கு நாலர. ரெண்டாயிரத்து எழுநூறு கல்லு. எல்லாமா ஒண்டர லெச்சம். பயப்புடாத!"

இதுவரை பெருக்கலில் பிழையில்லை. பிழையெல்லாம் கல்லுக்குக் கீழே. 4 அங்குலம் கிறவல் போட்டு இறுக்க வேண்டும். இறுகும்போது தாழ்வதையும் சேர்த்தால் இரண்டரைக் கியூப். அதன்மேல் 1 அங்குல மணல், அரைக் கியூப். ஓரங்களில் வெட்டுப்படும் கல் நூற்றுக்கு ஐந்தாவது வரும். ஓரக்கல், அதைப் பிடித்து நிற்கக் கொங்கிறீட், இறுக்கும் மெஷினுக்கு வாடகை, மேசன் கூலி. இவையெல்லாம் காக்காவின் வானத்தில் எழுதியிருக்காது.

"கார் ஏறுமே காக்கா, 60 மில்லிமீற்றர்க் கல்லுத் தாங்குமா? 80 போடட்டா?"

"கார் என்ன ஆனையா மனே?"

அடுத்தது தோட்டம். மதிலோரம் புல், மூலையில் அலங்காரப் பனை. "இந்தத் தென்னய வெட்டிருவம். வேர் கல்லக் கிளப்பும்." குசினிக்குள்ளிருந்து உம்மாவின் குரல் வரும்: "தென்னையில கை வெச்சா அவருக்குப் பிளேன்ரீ இல்லண்டு செல்லு!" தென்னை அந்த நொடியே எஸ்டிமேட்டிலிருந்து நீங்கிவிடும்.

அவர் தொடாத இன்னொன்று தண்ணீர். நம் வளவுகளில் முன்பு குருத்து மணல்தான் பரப்பியிருந்தது. எவ்வளவு மழை கொட்டினாலும் மண் உறிஞ்சிக்கொள்ளும். காலையில் கூட்டிவிட்டால் முற்றம் வெள்ளை வெளேரென்றிருக்கும். கல் பதித்தால் தண்ணீருக்கு வழிவிட வேண்டும். அடிக்குக் கால் அங்குலம் சாய்வென்றால் இருபது அடிக்கு 5 அங்குலம். எந்தப் பக்கம் சாய்ப்பது என்று கேட்டால், "தண்ணிக்குப் போற வழி தெரியும்" என்பார். மார்கழி மழையில் அதற்கு வழி தெரிந்துவிடும்: பக்கத்து வீட்டுக் குசினி. சண்டையில் சமாதானம் பேச வருகிறவரும் காக்காதான். போகிறபோது இடையில் ஒரு சுவருக்கும் எஸ்டிமேட் சொல்லிவிட்டுப் போவார்.

ஒன்றரை லட்சம் மூன்றைத் தொட்ட பிறகும் யாரும் அவரைக் கோபிப்பதில்லை. 2022இல் சீமெந்து விலை ஏறிய ஏற்றத்தைச் சொல்லியே இன்றுவரை தப்பிக்கிறார். உண்மையில் அவர் கணக்கிடுவது வேலையின் செலவை அல்ல, கேட்பவரின் முகத்தை. எந்தத் தொகைக்கு முகம் மலருமோ, அதுவே எஸ்டிமேட். நமக்கும் கேட்க வேண்டியிருந்தது அதுதான்.

கல் பதிக்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: டேப் வைத்து அளந்து, வேலை செய்கிற மேசன்மார் இரண்டு மூன்று பேரிடம் கேளுங்கள். கிறவல் எத்தனை அங்குலம், கல் எத்தனை மில்லிமீற்றர், ஓரக்கல் உண்டா, தண்ணீர் எங்கே போகும் என்ற நாலையும் எழுத்தில் வாங்குங்கள். காக்கா வந்தால் பிளேன்ரீ கொடுங்கள். அட்வான்ஸ் மட்டும் கொடுத்துவிடாதீர்கள்.