மிதிக்கும் பாக்கியம்

கேள்வி: வீட்டில் நடைப்பயிற்சி செய்ய டிரெட்மில் வாங்க உத்தேசம். எதைக் கவனித்து வாங்குவது?
— ஒரு வாசகர், திருச்சி

பதில்: சிறைக்கைதிகள் சும்மாயிருத்தலாகாது என்னும் சிந்தையால், 1818-இல் வில்லியம் க்யூபிட் என்ற ஆங்கிலப் பொறியாளர் நிர்மாணித்த மிதிசக்கரத்தின் வம்சத்தில் உதித்த யந்திரம் இது, எழுத்தாளர் ஆஸ்கார் ஒயில்ட் சிறையில் தண்டனையாக மிதித்ததைத் தாங்கள் மாதத் தவணை கட்டி மிதிக்கப் போகிறீர்கள்.

விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் ஜொலிக்கும் ‘உச்ச’ குதிரைத்திறன் க்ஷணநேரப் பராக்கிரமமே ஆதலால், அதை விடுத்து, மோட்டார் இடைவிடாது ஓடுகையில் என்ன குதிரைத்திறன் தரும் என்று கேளுங்கள். விற்பனையாளர் திருதிருவென்று விழித்தால் அடுத்த கடைக்கு நடந்துவிடலாம், அதுவும் தேகப்பயிற்சிதானே! நடப்பதற்கு 120 சென்டிமீட்டர் நீளப் பட்டை போதும். ஓடும் உத்தேசமிருந்து, ஆளும் நெட்டையாயின், 140 வேண்டும். யந்திரம் தாங்கும் எடை, தாங்கள் பிறரிடம் சொல்லிக்கொள்ளும் எடையையன்று, நிஜ எடையைக் காட்டிலும் 20 கிலோவாவது கூடுதலாயிருக்கட்டும். பட்டைக்கடியில் அவ்வப்போது சிலிகான் எண்ணெய் இடவேண்டும். தேங்காயெண்ணெய் சிரசுக்கு மட்டுமே. மாடிக்குடித்தனமாயின், கீழ்வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவைப்பது உசிதம்.