சிறகிலியும் எண்ணெய் விரலும்

1890 முதல் 1895 வரை இலங்கையை ஆண்டுவிட்டு, பிறகு சென்னைக்கும் ஆளுநராகப் போனவர் ஆதர் ஹெவ்லொக் துரை. அவர் பெயர்தான் எங்கள் ஹெவ்லொக் டவுனுக்கு. துரை என்னத்தைக் கிழித்தார் என்று இங்கே யாரையும் கேட்டுப் பாருங்கள், பஸ் தரிப்பிடத்தைக் காட்டுவார்கள். பழ இலையான் ஆராய்ச்சிக்காரரிடம் இந்தத் தாராளம் கிடையாது. ஒரு பரம்பரையலகு கெட்டால் எது காணாமற்போகிறதோ, அதுதான் பெயர். அந்த முறை இங்கே இருந்திருந்தால் எங்கள் ஊர் பெயரில்லாமலே கிடந்திருக்கும்.

1973இல் புதுடில்லியில், இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்து ஆர். பி. சர்மா ஒரு விகாரத்தைப் பதிவு செய்தார். சில இலையான்களுக்கு ஒற்றைச் சிறகு, சிலதுக்கு இரண்டுமில்லை. சிலதோ விகாரத்தைச் சுமந்துகொண்டே ஒன்றும் நடக்காததுபோல் பறந்து திரிந்தன. சிறகு முளைக்கவேண்டிய இடத்தில் முதுகுத் துண்டு இன்னொன்று! பெயர் ‘விங்லெஸ்’, சிறகிலி. 1976இல் சோப்ராவோடு சேர்ந்து விரிவாகவும் எழுதினார். இதனால் நெல் விளையுமா என்று கணக்காய்வாளர் எவராவது கேட்டிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

1982இல் அமெரிக்காவில் நுஸ்ஸேயும் வார்மஸும் எலிக்கு மார்புப் புற்றுநோய் கொடுக்கும் வைரசைத் துரத்தி ‘இன்ட்-1’ என்ற பரம்பரையலகைப் பிடித்தார்கள். 1987இல் பார்த்தால், இலையானின் விங்லெஸ்தான் எலியின் இன்ட்-1. 1991இல் இரு பெயரையும் முடிச்சுப் போட்டு ‘வின்ட்’ ஆக்கினார்கள்.

இந்தப் பரம்பரையலகு செய்யும் புரதத்துக்குக் கதவைத் திறக்கும் வாங்கி எது? 1996இல் பூர்ணிமா பானோட்டும் கூட்டாளிகளும் ‘ஃபிரிசில்ட்’ குடும்பத்தைக் காட்டிக்கொடுத்தார்கள். அந்தப் பெயரும் பழுதால் வந்ததே: அது கெட்டால் சிறகின் மயிர்கள் படியாமல் சுழன்று நிற்கும்.

பிடிக்கும் விதம் தெரிய 2012 ஆயிற்று. ஸ்டான்ஃபோர்டில் தவளை வின்டையும் எலி ஃபிரிசில்டையும் சேர்த்துப் பளிங்காக்கிப் பார்த்தார்கள். வின்ட் பெருவிரலும் சுட்டுவிரலும் நீட்டி வாங்கியை இரு பக்கமும் கிள்ளிக்கொண்டிருந்தது. பெருவிரல் நுனியில் ஒரு கொழுப்பமிலம், வாங்கியின் பள்ளத்துக்குள் வழுக்கி உட்கார்ந்திருந்தது. சுடச்சுட உழுந்துவடையைக் கிள்ளித் தூக்குகிற அதே விதம், எண்ணெய் விரல் உட்பட. பிடி விழுந்ததும், கலம் ஓயாமல் அழித்துக்கொண்டிருந்த பீட்டா-கட்டெனின் என்ற புரதம் தப்பிப் பிழைத்துக் கருவுக்குள் நுழைந்து, எந்தப் பரம்பரையலகு விழிக்கவேண்டும் என்று அதிகாரம் பண்ணத் தொடங்கும்.

மனிதரிடம் 19 வின்டும் 10 ஃபிரிசில்டும் இருக்கின்றன. சிறகு மட்டும் ஒன்றுகூட முளைக்கவில்லை.