அரசு ஊழியர் சங்கங்களைத் திட்டுவது எப்படி? டெல்டாவாசிகளுக்கு ஒரு கையேடு

தஞ்சாவூர்ப் பக்கத்தில் பொறுப்புள்ள குடிமகன் என்று பெயரெடுக்க வருஷத்துக்கு இரண்டு தடவையாவது அரசு ஊழியர் சங்கங்களைப் பற்றி உரக்கக் கருத்துச் சொல்லியாக வேண்டும். பஸ் ஓடாத நாளில் ஒரு தடவை. கொள்முதல் நிலையத்தில் உங்கள் நெல் குவியல்மேல் மழை இறங்கும் நாளில் ஒரு தடவை. கருத்துச் சொல்வதில் ஆபத்து எதுவும் இல்லை. தப்பான வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து சொல்லிவிடுவதில்தான் இருக்கிறது. அதற்காகத்தான் இந்தக் கையேடு.

முதல் வேலை, சொந்தபந்தங்களைக் கணக்கெடுப்பது. டெல்டாவில் நாலு ஏக்கர் சம்பா உள்ள குடும்பத்தை உதறினால் இரண்டு அரசுச் சம்பளமாவது கீழே விழும். மருமகள் ஒன்றிய நடுநிலைப் பள்ளி டீச்சராக இருப்பாள், மச்சான் கும்பகோணம் கோட்டத்தில் கண்டக்டராக இருப்பான், பெரியப்பா ஓய்வுபெற்ற வி.ஏ.ஓ.வாக இருப்பார். ஆகவே, "அரசாங்க உத்தியோகஸ்தன் எவனும் வேலை பார்க்கிறதில்லை, நம்ம வீட்டு ஆளுங்களைத் தவிர" என்று சொல்லிப் பழகுங்கள். வீடுவீடாக இந்த விதிவிலக்குகளைக் கூட்டிக்கொண்டே போனால் தஞ்சை மாவட்டத்தில் வேலை பார்க்காத ஊழியர் ஒருவர்கூட மிஞ்சமாட்டார். கணக்கு அதுவரை போகவேண்டாம். பெண்ணுக்கு வரன் பார்க்கிற வருஷமாக இருந்தால் சங்கங்களைத் திட்டுவதை அடியோடு நிறுத்திவையுங்கள். கல்யாணம் முடிந்து, மாப்பிள்ளைக்கு இன்கிரிமெண்ட் வந்த பிறகு மறுபடி தொடங்கிக்கொள்ளலாம்.

இரண்டாவது, ஆட்சியில் யார் என்று பார்ப்பது. பஸ் ஸ்டிரைக் விஷயத்தில் இது ரொம்ப முக்கியம். 2018 ஜனவரி 4-ஆம் தேதி சாயங்காலம் போக்குவரத்துக் கழகத் தொழிலாளர்கள் வண்டிகளை நிறுத்தினார்கள். ஊதிய உயர்வுக் காரணி 2.57 வேண்டும் என்றது சங்கம், 2.44-க்குமேல் முடியாது என்றது எடப்பாடி பழனிசாமி அரசு. புள்ளிக்குப் பின்னால் உள்ள அந்த எண்களுக்காக பொங்கல் நெருங்கும் நேரத்தில் சனங்கள் பஸ் ஸ்டாண்டில் காத்துக் கிடந்தார்கள். அன்று தி.மு.க.வின் தொ.மு.ச. முன்னணியில் நின்றது. அ.தி.மு.க.வின் அண்ணா தொழிற்சங்கம் வண்டியை ஓட்டியது. ஆறு வருஷம் கழித்து, 2024 ஜனவரி 9-ஆம் தேதி, மறுபடியும் பொங்கலுக்கு முன்பு, மறுபடியும் ஸ்டிரைக். இந்தத் தடவை அண்ணா தொழிற்சங்கம் இறங்கிவிட்டது, தொ.மு.ச. ஸ்டியரிங்கைப் பிடித்தது. பஸ் அதே பஸ், ஓட்டை அதே ஓட்டை. நடுவில் கோட்டையில் ஆள் மாறியிருந்தார், அவ்வளவுதான்.

இதிலிருந்து டீக்கடைக்குத் தேவையான சூத்திரம் கிடைக்கிறது. உங்கள் கட்சி எதிர்க்கட்சியாக இருந்தால் அது "உரிமைப் போர்". ஆளுங்கட்சியாக இருந்தால் "மக்களைப் பணயம் வைக்கிறார்கள்". இரண்டு தடவையும் ஸ்டிரைக் செய்த இடதுசாரிச் சங்கமான சி.ஐ.டி.யு. இந்தச் சூத்திரத்துக்குள் அடங்காது. யாராவது அதைப் பற்றிக் கேட்டால் இன்னொரு டீ சொல்லிவிடுங்கள்.

இனி வீரவசனம். "எல்லோரையும் ஒரே கையெழுத்தில் வீட்டுக்கு அனுப்பணும் சார்" என்று நீங்கள் சொல்லித்தான் ஆகவேண்டும். இதற்கு நம்மிடம் உலகத்தரமான உதாரணம் இருக்கிறது. 1981-இல் அமெரிக்க ஜனாதிபதி ரீகன், வேலைநிறுத்தம் செய்த விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்கள் பதினோராயிரத்துச் சொச்சம் பேரை நீக்கினார். அதை அந்த ஊர்க்காரர்கள் இன்றுவரை பெரிதாகப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். 2003 ஜூலையில் ஜெயலலிதா நீக்கியது சுமார் 1.7 லட்சம் பேரை. ஜூலை 2-ஆம் தேதி வேலைநிறுத்தம் தொடங்கியது. இரண்டு நாளில் அவசரச் சட்டம் வந்தது, அத்தியாவசியப் பணிகள் பராமரிப்புச் சட்டமான எஸ்மா பாய்ந்தது. வழக்கு உச்சநீதிமன்றம் போயிற்று. வழக்குப் போட்டவர்களில் சி.ஐ.டி.யு. தலைவர் டி.கே.ரங்கராஜனும் ஒருவர். ஆகஸ்ட் 6-ஆம் தேதி வந்த தீர்ப்பில், வேலைநிறுத்தம் செய்ய அரசு ஊழியருக்கு அடிப்படை உரிமையும் கிடையாது, சட்ட உரிமையும் கிடையாது, தார்மீக உரிமையும் கிடையாது என்று நீதிபதிகள் சொல்லிவிட்டார்கள். மன்னிப்புக் கடிதம் எழுதிக்கொடுத்துப் பெரும்பாலோர் வேலைக்குத் திரும்பினார்கள்.

கதையை இங்கேயே நிறுத்திவிடுங்கள். அடுத்த மே மாதத்துக்குப் போகாதீர்கள். 2004 நாடாளுமன்றத் தேர்தலில் தமிழ்நாட்டின் 39 தொகுதிகளிலும் அ.தி.மு.க. கூட்டணி தோற்றது, முடிவு வந்த கொஞ்ச நாளிலேயே அம்மா பல உத்தரவுகளைத் திரும்பப் பெற்றார் என்பதையெல்லாம் இழுத்தால் வசனத்தின் காரம் போய்விடும்.

நீங்கள் சங்கத்தை ஆதரிக்கும் மறுதரப்பா? அப்படியானால் கதையை 2004 மே மாதத்தில் ஆரம்பியுங்கள். "ஊழியர் வயிற்றெரிச்சல் ஆட்சியையே ஆட்டிவைத்தது பார்த்தீரா" என்று கேளுங்கள். ஆனால் பென்ஷன் பக்கம் மட்டும் தலைகாட்டாதீர்கள். 2003 ஏப்ரல் 1 முதல் வேலையில் சேர்ந்தவர்களுக்குப் பழைய பென்ஷன் கிடையாது, சம்பளத்தில் பத்து சதவீதம் பிடிக்கும் பங்களிப்பு ஓய்வூதியம்தான் என்று ஜெயலலிதா அரசு வைத்தது, 2006-இல் வந்த கருணாநிதி அரசிலும் அப்படியே இருந்தது. 2021 தேர்தல் அறிக்கையில் பழைய திட்டம் திரும்பும் என்று தி.மு.க. சொன்னது. வென்றது. கமிட்டி போட்டது. கடைசியில் 2026 ஜனவரியில், அடுத்த தேர்தல் வாசலில் வந்து நின்றபோது, கடைசிச் சம்பளத்தில் பாதியை உறுதியளிக்கும் புதிய ஓய்வூதியத் திட்டத்தை மு.க.ஸ்டாலின் அறிவித்தார். ஊழியர் பத்து சதவீதம் கட்டுவது அதிலும் உண்டு. ஜனவரி 6-இல் தொடங்கவிருந்த காலவரையற்ற வேலைநிறுத்தத்தை, ஆசிரியர்-அரசு ஊழியர் சங்கங்களின் கூட்டமைப்பான ஜாக்டோ-ஜியோ கைவிட்டது. சில சங்கங்கள் இது பழைய பென்ஷனே அல்ல என்று முறைத்துக்கொண்டு நின்றன. அரசையே ஆட்டிப்படைப்பதாக நாம் பயப்படுகிற இந்தச் சங்கங்கள், கைவிட்டுப் போன ஒரே ஒரு பென்ஷனை ஓரளவாவது மீட்க இருபத்திரண்டு வருஷத்துக்குமேல் எடுத்துக்கொண்டன. வாதத்துக்கு உதவாத விஷயம், விட்டுவிடுங்கள். ஆனால் தேர்தலுக்கு எத்தனை மாதம் பாக்கி என்று எண்ணாமல் எந்தச் சங்கத்தின் பலத்தையும் மதிப்பிடாதீர்கள். 2019 ஜனவரி வேலைநிறுத்தத்தின்போது ஒழுங்கு நடவடிக்கைக்கான 17பி மெமோவை நீட்டிய எடப்பாடி அரசு, 2021 தேர்தல் நெருங்கியபோது அந்த நடவடிக்கைகளைக் கைவிட்டதை நினைவில் வையுங்கள்.

போராட்டத்தை நேரில் பார்த்தால் எந்தப் படியில் இருக்கிறது என்று கண்டுபிடிக்கத் தெரிய வேண்டும். முதலில் கோரிக்கை அட்டையைச் சட்டையில் குத்திக்கொண்டு வேலை பார்ப்பார்கள். பிறகு உணவு இடைவேளை ஆர்ப்பாட்டம். பிறகு மாலைநேர ஆர்ப்பாட்டம், தஞ்சாவூர் என்றால் பெரும்பாலும் பனகல் கட்டிடம் முன்பு. அதற்கப்புறம் பெருந்திரள் முறையீடு, தர்ணா, ஒட்டுமொத்தத் தற்செயல் விடுப்பு, ஒருநாள் அடையாள வேலைநிறுத்தம், மறியல். மறியலில் கைதானால் கல்யாண மண்டபத்தில் சாம்பார் சாதம், சாயங்காலம் விடுதலை. இவ்வளவு படியேறி மேலே வருவதற்குள் கோரிக்கை என்ன என்பது ஊருக்கு மறந்துபோயிருக்கும். ஸ்டிரைக்கே கூடாது என்று 1973-ஆம் வருஷத்து நடத்தை விதிகள் சொல்வதால் வந்த படிக்கட்டு இது. ஆனாலும் நீங்கள் "நினைச்சா ஸ்டிரைக்" என்றுதான் சொல்லவேண்டும். போகிற போக்கில் ஒன்று: சங்கம் என்றாலே சொகுசு என்று திருச்சி பொன்மலைப் பக்கம் போய்ப் பேசவேண்டாம். 1946 செப்டம்பர் 5-ஆம் தேதி ரயில்வே தொழிலாளர் ஐந்து பேர் துப்பாக்கிச் சூட்டில் செத்த இடம் அது.

இனி நம் சொந்த மைதானம், நேரடி நெல் கொள்முதல் நிலையம். இங்கேதான் உங்கள் கோபத்துக்கு முழு நியாயம் உண்டு. ஒரத்தநாட்டிலோ நீடாமங்கலத்திலோ அறுத்த நெல்லை டிராக்டரில் ஏற்றிக் கொண்டுபோய்க் கொட்டுகிறீர்கள். அடங்கல், சிட்டா எல்லாம் கையில் இருக்கிறது. ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் "காயவச்சு வாங்க" என்பார்கள், எங்கே காயவைப்பது என்று சொல்வார் யாருமில்லை. சாக்கு வரவில்லை, லாரி வரவில்லை, நேற்று பிடித்த மூட்டையே கிடக்கிறது. 40 கிலோ சிப்பத்துக்கு இவ்வளவு என்று எடுத்துவைக்காமல் தராசு அசையாது என்று விவசாயிகள் சொல்லாத பருவம் இல்லை. லஞ்ச ஒழிப்புத் துறை சோதனை போட்டதாகப் பேப்பரில் வரும், அடுத்த பருவம் மறுபடி தராசு அசையாது.

யாரைத் திட்டுவது? வழிமுறை சுலபம். கைக்கெட்டும் தூரத்தில் நிற்பவரைத் திட்டுங்கள். பில் போடுகிற பருவகால எழுத்தர் இருப்பார், லோடுமேன் இருப்பார். "யூனியன் கொழுப்பு" என்று ஆரம்பியுங்கள். அவர் பருவத்துக்குப் பருவம் எடுக்கப்படுகிற ஆள், பல வருஷமாக நிரந்தரம் கேட்டுக்கொண்டிருப்பவர், ஜாக்டோ-ஜியோ மாநாட்டு மேடையில் அவருக்கு நாற்காலி கிடையாது என்பதெல்லாம் உங்களுக்குத் தேவையில்லாத விவரம். பிடித்த நெல், குடோனுக்குக் கொண்டுபோக லாரி வராமல் வாரக்கணக்கில் வெயிலில் கிடந்து எடை குறைந்தால் அந்தக் குறைவை யார் தலையில் கட்டுவார்கள் என்றும் விசாரிக்காதீர்கள். அவர் தலையில்தான். மூட்டைக்கு வாங்குகிற காசு எங்கெங்கே போகிறது என்று அவரைக் கேட்டால் ஒரு நீளமான பட்டியல் சொல்வார். அதில் உங்கள் ஊர்க் கட்சிக்காரர் ஒருத்தர் பெயரும் வரலாம், கேட்காமலிருப்பது உறவுக்கு நல்லது. காசு வாங்குவது நியாயம் என்று நான் சொல்லவில்லை. மேலே இருப்பவர்கள் எல்லோரும் மறைந்துகொள்ள அவர் முதுகு வசதியாக இருக்கிறது என்றுதான் சொல்கிறேன்.

2025 அக்டோபரில் குறுவை நெல் குவிந்து, நனைந்து, மூட்டையிலேயே முளைவிட்டதே, அப்போது இந்த வழிமுறை கொஞ்சம் சிக்கலுக்கு உள்ளானது. செறிவூட்டப்பட்ட அரிசி கலப்பதற்கு மத்திய அரசின் அனுமதி தாமதம் என்றது மாநில அரசு. மாநில அரசின் மெத்தனம் என்று களத்துக்கே வந்து சொன்னார் எதிர்க்கட்சித் தலைவர். சென்னைக்கும் டெல்லிக்கும் எட்டுகிற அளவுக்குக் குரல் நம்மிடம் இல்லாததால் நாம் வழக்கம்போல பில் கிளார்க்கிடமே கத்தினோம்.

கடைசியாக ஒரு எச்சரிக்கை. கொள்முதல் நிலையங்களை நடத்துகிற நுகர்பொருள் வாணிபக் கழகத்தின் தொழிலாளர்கள் ஆர்ப்பாட்டம் நடத்துகிற நாளில் அந்த வழியாகப் போக நேர்ந்தால் டிராஃபிக்கைத் திட்டிக்கொண்டே வண்டியை ஓட்டிவிடுங்கள். நின்று அட்டையைப் படிக்காதீர்கள். நிரந்தரம், கூலி உயர்வு என்று இரண்டு மூன்று வரி இருக்கும். அதற்குக் கீழே, கொள்முதல் செய்த நெல்லை உடனுக்குடன் லாரி அனுப்பி ஏற்று என்றும் எழுதியிருப்பார்கள். நீங்கள் மனுநீதி நாளில் கலெக்டரிடம் எழுதிக் கொடுத்த மனுவிலும் அதே வரிதான். படித்துத் தொலைத்துவிட்டீர்களானால் சாயங்காலம் டீக்கடையில் பேச ஒன்றும் இருக்காது.