டிகிரி மாமா

திருவனந்தபுரத்தில் கரமனை அக்ரஹாரத்திலோ கோட்டைக்குள்ளோ நாலு தெரு நடந்தால் ஒரு டிகிரி மாமா எதிரே வந்தே தீருவார். ரிட்டையர் ஆனவர். பொதுப்பணித்துறை, சர்வே, இன்ஜினியரிங் காலேஜ், தும்பா ராக்கெட் நிலையம், இவற்றில் ஏதோ ஒன்றில் காலம் தள்ளியவர். நெற்றியில் சந்தனம், கையில் குடை. சட்டைப்பையில் பொடிடப்பா இருக்கவேண்டிய இடத்தில் கேஸியோ கால்குலேட்டர்.

டிகிரிக்கு அறுபது மினிட். இந்த அறுபதை உலகம் மறந்துவிட்டதே என்பது அவருடைய தீராத மனக்குறை. பென்ஷன் அரியர், தெருவில் தோண்டிப்போட்ட பள்ளம் எல்லாம் அதற்கப்புறம்தான்.

மணி ஆறரை ஆச்சா மாமா என்று தெரியாத்தனமாகக் கேட்டால் குடையை ஊன்றி நின்றுவிடுவார்.

"கவர்ன்மென்டுக்கு ஆறரை. அவன் கணக்கு 82 டிகிரி 30 மினிட் தீர்க்கரேகைக்கு. நாம இருக்கறது 76 டிகிரி 57 மினிட். வித்தியாசம் 5 டிகிரி 33. டிகிரிக்கு நாலு நிமிஷம். ஆக, 22 நிமிஷம் 12 செகண்டைக் கழிச்சுக்கோ."

கழித்து முடிப்பதற்குள் கேட்டவர் பிடிக்கவேண்டிய பஸ் போயே போய்விடும்.

அவரிடம் கேட்கக்கூடாத இன்னொரு கேள்வி உண்டு. பக்கத்து வீட்டுப் பெண் காலேஜ் ப்ராஜெக்டுக்காகப் பத்மநாபசாமி கோயில் எத்தனையாவது அட்சரேகையில் இருக்கிறது என்று கேட்டாள். 8 டிகிரி 29 மினிட் என்றார். அவள் சமர்த்தாக லேப்டாப்பில் 8.29 என்று அடித்தாள். மாமாவுக்கு முகம் சிவந்துவிட்டது.

"29 மினிட்னா அறுபதுல இருபத்தொன்பதும்மா. பாயின்ட் 4833. நீ போட்ட பாயின்ட் 29-க்குப் பதினேழு மினிட் சொச்சம்தான் வரும். பதினொன்றரை மினிட்டை முழுங்கிட்டே. அட்சரேகையில மினிட்டுக்கு 1.85 கிலோமீட்டர். இருபத்தோரு கிலோமீட்டர் தெற்கே தள்ளி, கோவளம் தாண்டிக் கடல்ல கொண்டு போய் வெச்சுட்டியே! பெருமாள் பள்ளிகொண்டது பாற்கடல்லடி, அரபிக்கடல்ல இல்லே."

அவள் பயந்துபோய்த் தீர்க்கரேகையைத் திருத்தப் போனாள். அதிலும் 76.57 என்றுதான் இருந்தது. கோயில் இன்னும் நாற்பது கிலோமீட்டர் மேற்கே நகர்ந்தது. "போச்சு, இனிமே போட்டுல மீன் பிடிக்கப் போறவனுக்குத்தான் தரிசனம்" என்று மாமா தலையில் கைவைத்து உட்கார்ந்தார். பிறகு எழுந்து, சுவாதித் திருநாள் மகாராஜா கீர்த்தனை மட்டும் எழுதவில்லை, 1837-ல் இதே ஊரில் நட்சத்திரம் பார்க்க அப்சர்வேட்டரியும் கட்டினார் என்று ஆரம்பித்தார். அந்த அப்சர்வேட்டரியைப் பார்த்துக்கொண்ட கால்டிகாட் துரையில் தொடங்கி, 1963 நவம்பர் 21-ல் தும்பாவிலிருந்து கிளம்பிய முதல் ராக்கெட்டுக்கு அவர் வந்து சேர்வதற்குள், அந்தப் பெண்ணின் அம்மா இரண்டு தடவை வந்து கூப்பிட்டுவிட்டுப் போனாள்.

மார்ச்சிலும் செப்டம்பரிலும் பகலும் இரவும் சமமாகும் நாட்களில் கோயில் கோபுரத்து வாசல்களில் ஒவ்வொன்றாக அஸ்தமன சூரியன் வந்து நிற்கும். பார்க்கப் பெருங்கூட்டம் கூடும். எல்லோரும் போனை உயர்த்தியிருக்க, மாமா மட்டும் வாட்சைப் பார்த்துக்கொண்டிருப்பார். சூரியன் வாசலுக்குள் இறங்கியதும் "டிக்ளினேஷன் பூஜ்யம்!" என்று உரக்கச் சொல்வார். ஏதோ மந்திரம் என்று நினைத்துப் பக்கத்தில் நின்ற அம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

இப்படிப்பட்டவர் வீட்டுக்கு டல்லாஸிலிருந்து பேரன் லீவுக்கு வந்தான். கையில் டி.ஐ.-84, கிராஃப் போடும் கால்குலேட்டர். நம் பள்ளிப் பிள்ளைகளில் பெரும்பாலோர் பரீட்சை ஹாலில் சாதாரணக் கால்குலேட்டரைக்கூட வைத்துக்கொள்ள முடியாது. அங்கே இந்தச் செங்கல் இல்லாமல் கணக்குப் பாடமே கிடையாதாம்.

"சைன் 8 டிகிரி 29 மினிட் போடு பார்ப்போம்" என்றார் மாமா. அவருடைய கேஸியோவில் டிகிரி, மினிட், செகண்டு மூன்றுக்கும் ஒரே பட்டன். எட்டு, பட்டன், இருபத்தொன்பது, பட்டன், தீர்ந்தது. பேரனோ ஒவ்வொரு குறிக்கும் ஒரு மெனுவைத் திறந்து மூடிக்கொண்டிருந்தான்.

"ஏண்டா, செகண்டுன்னே ஒரு பட்டன் இருக்கே?"

"அது அந்த செகண்டு இல்லே தாத்தா, ரெண்டாவதுன்னு அர்த்தம். மத்த பட்டனுக்கு மேல எழுதியிருக்கறதை எடுக்க. விநாடி வேணும்னா ஆல்ஃபா அமுக்கிட்டு ப்ளஸ்."

"விநாடிக்கு எதுக்குடா ப்ளஸ்?"

பேரனிடம் பதில் இல்லை. விடை மட்டும் வந்தது: 0.8084.

மாமா சிரிக்கவில்லை. உள்ளே போய், அட்டை போன கிளார்க் லாக் புத்தகத்தை எடுத்து வந்தார். எட்டு டிகிரி வரிசை, 24 மினிட் கட்டம், 1461. மீன் டிஃபரன்ஸ் அஞ்சு மினிட்டுக்குப் பதினாலு. விரலை எடுக்காமலே சொன்னார்: "பாயின்ட் 1475."

"நான் டிகிரி போட்டேனே தாத்தா!" அவன் பொய் சொல்லவில்லை, குறி திரையிலேயே தெரிந்தது. நேர்மையாகச் சொன்னால் மிஷின் மேலும் பிசகில்லை. அது ரேடியன் மோடில் இருந்தது. அந்த மோடில், டிகிரியும் மினிட்டும் போட்ட பிறகு கடைசியில் இன்னொரு டிகிரிக் குறி வைக்கவேண்டும் என்று கூட வந்த கையேட்டிலேயே இருக்கிறது. கையேட்டை யார் பிரிக்கிறார்கள்? பேரன் அந்த இரண்டாவது குறியையும் வைத்தான். 0.1475 வந்தது.

"அப்படிச் சொல்லு! ஒரு டிகிரியை வெச்சுண்டு நம்ம ஊர்லயும்தான் ஒண்ணும் நடக்கறதில்லே" என்று மாமா உள்பக்கம் திரும்பிக் கூவினார். மாமி அடுப்படியில் இருந்தாள். மாமாவின் கோணங்களை நாற்பது வருஷமாகப் பார்த்தவள் என்பதால் பதில் வரவில்லை.

பேரன் விடுகிற ஜாதியில்லை. டிகிரி மோடுக்கு மாற்றி, சைன் வளைவை வரைந்து காட்டினான். மாமா அதைப் பெரிதாக மதிக்கவில்லை. அலை நன்றாயிருக்கிறது, சங்குமுகத்தில் பார்க்காததா என்றார். அடுத்து அவன் டேபிள் என்ற பட்டனைத் தட்டி, இடைவெளி 0.1 என்று கொடுத்தான். பாயின்ட் ஒன்று டிகிரி என்றால் ஆறு மினிட், லாக் புத்தகத்தின் கட்டமேதான். 8.4-க்கு நேரே .14608 வந்து நின்றது.

மாமா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். கால்குலேட்டரை வாங்கி வரி வரியாகக் கீழே ஓட்டினார், மேலே ஓட்டினார். காபி ஆறியது. முகத்தில் அப்படியொரு நிறைவு. பேரன் ஜெயித்த தோரணையில் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"எல்லாம் சரிடா" என்றார் மாமா, மிஷினைத் திருப்பி முதுகுப்பக்கத்தையும் பார்த்துவிட்டு. "மீன் டிஃபரன்ஸ் காலம் எங்கே?"