ஆக்டோபஸ் சைவமா?

கே: கிரேக்க மீனவ கிராமம் ஒன்றைப் பார்க்க ஆசை. எங்கே போகலாம்? (கும்பகோணம் வாசகி)

ப: மிலோஸ் தீவில் இருக்கும் கிளிமாவுக்கு. ஏதென்ஸை ஒட்டிய பிரேயஸ் துறைமுகத்தில் கப்பல் ஏற வேண்டும். கிளிமாவில் கதவைத் திறந்தால் கடல். நடுவில் தெரு என்று ஒன்று கிடையாது. கீழே படகு, மேலே குடும்பம். இந்த வீடுகளுக்கு 'சிர்மாத்தா' என்று பெயர். குளிர்காலத்தில் படகை உள்ளே இழுத்துப்போட்டுக் கதவைச் சாத்திவிடுவார்கள். கதவுகள் சிவப்பு, நீலம், பச்சை என்று ஆளுக்கொரு நிறம். கடலில் வரும்போதே அவரவர் வீடு தெரிய வேண்டுமே, அதற்காக அடித்த பெயின்ட் என்பார்கள். இப்போது பல வீடுகளில் படகு இருந்த இடத்தில் சுற்றுலாப் பயணி தங்குகிறார். படகு வாடகை கொடுக்காதல்லவா!

கே: வீனஸ் சிலை கிடைத்தது அங்கேதானே? (மதுரை வாசகர்)

ப: பக்கத்திலேதான். 1820இல் ஒரு விவசாயி தோண்டியபோது கிடைத்தது. இப்போது இருப்பது பாரிஸில், லூவர் மியூசியத்தில். கை இருந்திருந்தால் தூக்கிப்போனவர்களைத் தடுத்திருப்பாள்.

கே: நான் சைவம். பட்டினிதானா? (மயிலாப்பூர் வாசகர்)

ப: 'ஹோர்த்தா' கேளுங்கள். கீரையை வேகவைத்து, ஆலிவ் எண்ணெயும் எலுமிச்சைச் சாறும் விட்டுத் தருவார்கள். 'விரதச் சாப்பாடு' என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். ஈஸ்டருக்கு முந்தைய விரத நாட்களில் இறைச்சி, முட்டை, பால் எல்லாம் விலக்கு. பெரும்பாலான நாட்களில் மீனும் கூடாது. ஆனால் ஆக்டோபஸ், கணவாய், இறால் கூடும்! அவற்றுக்கு ரத்தமில்லை என்று கணக்கு. விரதம் என்று வாய்விட்டால் தட்டில் எட்டுக் கால் வந்து உட்காரும்.

கே: மீன் விலை கட்டுப்படியாகுமா? (நாகை வாசகர்)

ப: பெரிய மீனுக்குக் கிலோ கணக்கு. ஐஸில் கிடப்பதைக் காட்டுவார்கள். நீங்கள் கை காட்டும் மீன் அடுப்புக்குப் போகும். எடையையும் விலையையும் கேட்ட பிறகு தலையாட்டுங்கள். மலிவாக முடிக்க நெத்திலி இருக்கிறது. மாவில் புரட்டி முழுசாகப் பொரித்து, எலுமிச்சையோடு தருவார்கள். மிளகாய்த்தூளை மட்டும் நீங்கள் கொண்டுபோக வேண்டும்.

கே: பழைய மரப்படகுகள் இன்னும் இருக்கின்றனவா? (தூத்துக்குடி வாசகர்)

ப: மிச்சமிருப்பவை இருக்கின்றன. கடலில் மீன் குறைகிறது, படகைக் குறைப்போம் என்று ஐரோப்பிய ஒன்றியம் முடிவெடுத்தது. மீன்பிடி உரிமத்தைத் திருப்பிக் கொடுத்தால் பணம். கூடவே படகையும் உடைக்க வேண்டும். 1990களிலிருந்து ஆயிரக்கணக்கான 'கைக்கி' படகுகள், தச்சர்கள் கையால் இழைத்தவை, இயந்திரத்தின் அடியில் நொறுங்கின. மீனைக் காப்பாற்ற நினைத்தது நியாயம். கரையில் நின்ற படகு எந்த மீனைப் பிடித்தது? சுத்த அசட்டுத்தனம்.

கே: எந்த மாதம் போகலாம்? (கோவை வாசகி)

ப: மே அல்லது செப்டம்பர். ஜூலை, ஆகஸ்டில் 'மெல்தெமி' என்ற வடகாற்று கப்பலையே நிறுத்திவிடும். போனால், வாசலில் உலரும் வலையை மிதித்துக்கொண்டு செல்ஃபி எடுக்காதீர்கள். கிழிந்தால் தைக்கப்போவது அந்த வீட்டுக்காரர்தான்.