மண்டைக்குப் பாதுகாப்பான தேங்காய்

கேள்வி: நியூ ஆர்லியன்ஸின் மார்டி கிரா திருவிழா ஊர்வலத்தில் தேரிலிருந்து மணிமாலைகளை வாரி வீசுகிறார்களே, செலவு யாருடையது?

பதில்: வீசுகிறவருடையதேதான்! ‘க்ரூ’ எனப்படும் சங்கத்துக்குச் சந்தா கட்டி, மாலைகளையும் சொந்தக் காசில் வாங்கி வீசுகிறார்கள். காசு கொடுத்து, கொடுக்கும் உரிமையை வாங்குகிற ஊர் அது! 1857-ல் இந்தச் சங்க ஊர்வல வழக்கத்தைத் தொடங்கிவைத்த கோமஸ் சங்கம், இன பேதம் பார்க்கும் சங்கங்களுக்கு ஊர்வல அனுமதி இல்லை என்று 1991-ல் நகரசபை சட்டம் போட்டதும், தெருவுக்கு வருவதையே விட்டுவிட்டது. போகட்டும்.

எனக்குப் பிடித்தது ஜூலு சங்கம். நோய்க்கு மருந்துச் செலவு, சாவுக்கு அடக்கச் செலவு என்று கறுப்பின மக்கள் ஒருவரையொருவர் தாங்கிக்கொண்ட உதவிச் சங்கங்களில் அதன் வேர் இருக்கிறது. 1909-ல் அவர்களுடைய முதல் ராஜாவுக்குக் கொழுப்பு டப்பாதான் கிரீடம், வாழைத்தண்டுதான் செங்கோல். வெள்ளையர் ஊர்வலத்து ராஜா ரெக்ஸுக்கு இதைவிட நல்ல பதில் உண்டா? 1949-ல் அந்தக் கிரீடம் ஜாஸ் இசைக்கலைஞர் லூயி ஆம்ஸ்ட்ராங்குக்கு வந்தது. உலகப் புகழ் பெற்றபின் தன் ஊர்க்காரர்களிடையே ராஜாவானார்.

ஜூலுவின் பரிசு, வண்ணம் தீட்டிய தேங்காய். முன்பு வீசினார்கள், காயம், வழக்கு, இன்சூரன்ஸ் தகராறு என்று வந்தபின் கையில்தான் கொடுக்கிறார்கள். போனால், கையை நீட்டுங்கள்; தலையை நீட்ட வேண்டாம்!