கிழிய வேண்டிய இடம் தொடர்பாக ஒரு விண்ணப்பம்

பெறுநர்: இந்தியத் தர நிர்ணய அமைவனம், மானக் பவன், புதுடெல்லி.
அனுப்புநர்: ஓர் அம்மாச்சி, ஆனைக்குட்டம், விருதுநகர் மாவட்டம்.
பார்வை: ஐ.எஸ். 17509 : 2021, குழந்தைகளுக்கான டயாப்பர்.

பெருமதிப்பிற்குரியீர்,

தங்கள் வரைபடத்தில் ஆனைக்குட்டம் என்றால் அர்ச்சுனா நதியின் குறுக்கே ஓர் அணை, அவ்வளவுதான் இருக்கும். அந்த அணையைச் சுற்றி ஊர்களும் உண்டு. காலையில் மகள் தூக்குவாளியோடு பட்டாசு ஆபீஸ் வேனில் ஏறிப் போனதும் பேரப்பிள்ளை அம்மாச்சி பொறுப்பு. பேரனின் இடுப்பில் இருப்பது பேம்பர்ஸ். எந்தக் கம்பெனி தயாரித்தாலும் கடையில் அதற்கு அந்தப் பெயர்தான்.

முன்பு ஒட்டுப்பட்டி வைத்தது வந்தது, தொட்டிலில் கிடந்த பிள்ளைக்குக் கட்டினார்கள். இப்போது வருவது ஜட்டி மாதிரி மாட்டுகிற பேன்ட்ஸ். 1989-இல் அமெரிக்காவில் கிம்பர்லி-கிளார்க் கம்பெனி 'புல்-அப்ஸ்' என்று இறக்கியது, தானே ஏற்றி இறக்கப் பழகும் பிள்ளைக்காக. 1992-இல் ஜப்பானின் யூனிசார்ம் அதைக் கைக்குழந்தைகளின் பக்கம் இழுத்து வந்தது. மாட்டுவது எளிது, அம்மாச்சிக்கு அதில் புகார் இல்லை. நிறைந்த பிறகு கழற்றுவதுதான் வழக்கு. கால் வழியாக உருவினால் தொடை, முழங்கால், பாதம், பாய் என்று எல்லாவற்றுக்கும் பங்கு போய்விடும். அதனால்தான் இரண்டு பக்கத் தையலையும் கிழித்து எடுக்கச் சொல்லி பாக்கெட்டில் படம் போட்டிருக்கிறார்கள். படத்தில் இருக்கும் அம்மா சிரித்துக்கொண்டே கிழிக்கிறாள்.

அம்மாச்சி கிழித்தால் பாதி வழியில் நிற்கிறது. இல்லையென்றால் கிழிசல் தையலை விட்டுவிட்டுத் துணியில் பக்கவாட்டில் ஓடுகிறது.

விண்ணப்பதாரருக்குக் கிழிக்கத் தெரியாது என்று தங்கள் அலுவலகத்தில் யாரும் குறிப்பெழுதிவிடக் கூடாது. பழைய வேட்டியின் ஓரத்தைப் பல்லால் கடித்து ஒரே இழுப்பில் இடுப்புத்துணி கிழித்து இரண்டு பிள்ளைகளை வளர்த்த கை அது. வேட்டி நேராகக் கிழியக் காரணம் பாவும் ஊடையும். நூல் எந்தத் திசையில் ஓடுகிறதோ அந்த வழியில் கிழிசலும் போகும். டயாப்பர் துணியில் பாவும் இல்லை, ஊடையும் இல்லை. பாலிப்ரொப்பிலீன் இழைகளைத் தாறுமாறாகப் பரப்பிச் சூட்டில் அழுத்தி ஒட்டியது அது. நூல் இல்லாத துணிக்குக் கிழியும் வழியை யாராவது சொல்லிக்கொடுத்தால்தான் உண்டு.

வழி சொல்வது பக்கத் தையலின் வேலை. அதிலும் நூல் கிடையாது. முன்துண்டையும் பின்துண்டையும் சேர்த்து வைத்து, சூட்டாலோ அல்ட்ராசோனிக் அதிர்வாலோ புள்ளி புள்ளியாகப் பற்றவைத்திருக்கிறார்கள். அம்மாச்சி மேலே இழுத்து மாட்டும்போது அத்தனை புள்ளிகளும் சேர்ந்து பாரம் தாங்க வேண்டும். இடுப்பிலிருந்து இரண்டு பக்கமும் பிரிக்கும்போது ஒவ்வொரு புள்ளியாக, ஜிப் திறப்பது போல விட்டுக்கொடுக்க வேண்டும். பிள்ளை தவழ்ந்து கால் உதைக்கிறபோது எலாஸ்டிக் விரியலாம், புள்ளி விடக் கூடாது. புள்ளி பலமாகிவிட்டால் தையலுக்குப் பக்கத்துத் துணி கிழிகிறது, பலவீனமாகிவிட்டால் பிள்ளை உட்காரும்போதே அவிழ்ந்து மானம் போகிறது. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் அந்த மயிரிழைக்குத்தான் அம்மாச்சி ஓர் எண் கேட்கிறார்.

எண் வைப்பது அரசுக்குப் புதிதல்ல. இந்தப் பக்கத்தில் செய்கிற வெடி 4 மீட்டர் தூரத்தில் 125 டெசிபலைத் தாண்டக் கூடாது என்று 1999-இலேயே விதி போட்டாகிவிட்டது. தீபாவளிக்கு இரண்டு மணி நேரம்தான் வெடி, சரவெடியே கூடாது என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. சிவகாசிக் காகிதம் எப்படிச் சிதறலாம் என்பதில் டெல்லிக்கு இவ்வளவு அக்கறை இருக்கிறது. ராத்திரி இரண்டு மணிக்கு, தூங்குகிற பிள்ளையின் இடுப்பில் 'சர்ர்' என்று எழும் சத்தத்தை எத்தனை மீட்டரில் நின்று அளப்பதென்றும் சொல்லிவிட்டால் நல்லது. பிள்ளை அழுகிற சத்தம் தனிக் கணக்கு. ஐ.எஸ். 17509-இல் இதற்கெல்லாம் வரி இருக்குமானால், அந்த வரி ஆனைக்குட்டத்துக்கு இன்னும் பஸ் ஏறவில்லை.

கழற்றிய பிறகும் வழக்கு முடிவதில்லை. 2016-ஆம் ஆண்டுத் திடக்கழிவு விதிகளில், டயாப்பர் தயாரிப்பவர்கள் ஒவ்வொன்றையும் சுற்றிப் போட உறை தர வேண்டும், இல்லையென்றால் மறுசுழற்சிக்கு ஏற்ற பொருளில் செய்யப் பார்க்க வேண்டும் என்று எழுதியிருந்தது. அம்மாச்சி வாங்கிய பாக்கெட்டில் உறை இல்லை. கேரி பேக்கில் கட்டலாமென்றால் 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் அதற்குத் தடை. ஆக, பிளாஸ்டிக் துணியில் செய்த டயாப்பரைப் பிளாஸ்டிக் பையில் வைப்பது குற்றம். மூத்திரத்தைக் குடித்து ஊறிய ஜெல்லோ எரித்தாலும் எரியாது. பழைய பேப்பரில் சுருட்டலாம். ஆனால் சுருட்டுவதற்கும் முதலில் அது இரண்டு பக்கமும் நேராகக் கிழிந்திருக்க வேண்டுமே.

இந்தப் பக்கத்தில் வேலை பார்க்காதவனை "நீ என்னத்தைக் கிழிச்ச?" என்று கேட்பது வழக்கம். தங்களைப் பார்த்து அப்படிக் கேட்க அம்மாச்சிக்கு வாய் வராது. கிழிப்பதில் இங்கே ஆள் பலம் உண்டு என்பதை மட்டும் தெரிவித்துக்கொள்கிறார். நாட்டுக்கே தேதி கிழிக்கிற காலண்டர் அச்சடித்துத் தருவது சிவகாசி. ஒரு நாளைக் கிழித்தால் மறுநாளும் சேர்ந்து வந்துவிடாதபடி வருஷத்துக்கு 365 தாள் தைக்கிறார்கள். நிபுணர் குழு அமைப்பதானால், சோதனைக்கூடத்து இயந்திரக் கைகளோடு, எண்ணெய் தடவிய கை, மூட்டு வலிக் கை, இடுப்பில் ஒரு பிள்ளையை வைத்துக்கொண்டு மிச்சமிருக்கும் ஒற்றைக் கை ஆகியவற்றுக்கும் அதில் இடம் தர வேண்டுகிறார்.

இணைப்பு: பழைய வேட்டி ஒரு முழம், கோணலாகக் கிழிந்த பேன்ட்ஸ் ஒன்று. தபால் ஆபீசில் சந்தேகப்பட்டு விசாரித்தார்கள்; பயன்படுத்தாததுதான்.

உறையைப் பிரிக்கக் கத்தரிக்கோல் தேட வேண்டாம். பிஸ்கட் பாக்கெட்டில் வருகிற சிவப்புப் பட்டையைப் பார்த்து, ஒட்டும்போதே அம்மாச்சி உள்ளே ஒரு தையல் நூல் வைத்திருக்கிறார். முனை வலது ஓரத்தில் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், பிடித்து இழுத்தால் போதும். சிவகாசிப் பக்கத்திலிருந்து வந்ததென்று பயப்பட வேண்டாம், அது திரி இல்லை.